சார்ட்டில் எல்லோரும் 20 முறைதான் மூச்சு விடுகிறார்கள்

எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் சரி, ஒரு மெடிக்கல் வார்டுக்குள் போய் டி.பி.ஆர். (டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு) சார்ட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். டெம்பரேச்சர் ஆளுக்கு ஆள் மாறும், பல்ஸ் மாறும், பி.பி.யும் ஓரளவு மாறும். மூச்சுக் கட்டத்தில் மட்டும் 20, 20, 22, 20 என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். நிமோனியாவில் படுத்திருக்கும் தாத்தாவுக்கும் 20, நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகப்போகும் பையனுக்கும் 20. உண்மையாகவே எண்ணி எழுதினால் இப்படி வர வாய்ப்பே இல்லை. எண்ணவில்லை, அவ்வளவுதான். யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நாற்பது பேருக்கு ஒரே ஆள் வைட்டல்ஸ், அதாவது இந்த அளவுகளை எல்லாம், பார்க்கிற இடத்தில் ஒவ்வொரு படுக்கைக்கும் முழு ஒரு நிமிடம் நின்றால் மூச்சு எண்ணவே நாற்பது நிமிடம் போய்விடும், அப்புறம் மருந்து யார் கொடுப்பது? எதையாவது விட்டாக வேண்டும் என்பது புரிகிறது. போயும் போயும் இதைத்தான் விட வேண்டுமா என்பதுதான் என் ஆதங்கம்.

ஏனென்றால் உடம்பு உள்ளுக்குள் கெட ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான். ரத்தத்தில் அமிலம் ஏறினால் உடம்பு கார்பன் டை ஆக்சைடை வேகவேகமாக வெளியே தள்ளும், ஆக்சிஜன் போதவில்லை என்றால் வேகமாக உள்ளே இழுக்கும், தொற்று ரத்தத்தில் பரவினாலும் மூச்சு முடுக்கிக்கொள்ளும். பி.பி. இறங்குவதற்கு மணிக்கணக்கில் முன்னாலேயே இது நடக்கலாம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய 'நியூஸ்' என்ற ஆபத்து மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே அந்த ஒரு கட்டத்துக்கு 3 மதிப்பெண். எந்தக் கட்டத்திலாவது 3 வந்துவிட்டால் நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், மொத்தம் 7 ஆகிவிட்டால் அவசரக் குழுவே வர வேண்டும். எண்ணாமல் 20 என்று எழுதினால் மதிப்பெண் பூஜ்யம். யாரும் வரமாட்டார்கள்.

நான் சில வருஷம் வார்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது டியூட்டராக இருக்கிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் செகண்ட் செமஸ்டர் பிள்ளைகளை போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, அழைத்துப் போவதுதான் முக்கால்வாசி வேலை. இந்தியன் நர்சிங் கவுன்சில் 2021-22-ல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் பேஷண்ட்டைப் பரிசோதித்து மதிப்பிடும் ஹெல்த் அசெஸ்மெண்ட் ஒரு மாட்யூலாகவே இந்த செமஸ்டரில் வருகிறது. நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகள் கைக்கு வந்து சேரும்போது அது ஒரு செக்லிஸ்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. கை கழுவு, ஸ்கிரீன் போடு, பேஷண்ட்டிடம் சொல்லு, தலையிலிருந்து கால் வரை பார், எழுது. வரிக்கு அரை மார்க். லேபில் கற்றதைச் செய்து காட்டும் ரிட்டர்ன் டெமோ கொடுக்கும்போது டம்மியின் வயிற்றை அழகாக அழுத்துகிறார்கள், டம்மி முகம் சுளிக்காது என்பதால் யாரும் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. கிளினிக்கல் ரீசனிங், அதாவது பார்த்ததை வைத்து யோசித்து முடிவெடுப்பது, என்றால் அது ஃபைனல் இயர் அக்காக்கள் படிக்கும் வேறு ஏதோ பெரிய பாடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் கட்சி, ரெண்டும் ஒரே வேலை. மனசில் ஒரு கேள்வி இல்லாமல் பேஷண்ட்டைத் தொட்டால் கையில் எதுவும் சிக்காது.

சொன்னால் புரியாது, ஒரு கேஸ் சொல்கிறேன். மழைக்காலம், ஃபீவர் வார்டு, கட்டிலெல்லாம் நிறைந்து தரையிலும் பாய் போட்டிருந்த சமயம். டெங்கு என்று உறுதியாகி வந்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன். எங்கள் மாணவி வைட்டல்ஸ் எடுத்துவிட்டு வந்து, "மேம், இவருக்கு எல்லாம் நார்மல் மேம், காய்ச்சல் விட்டுருச்சு" என்றாள். டெம்பரேச்சர் 98.4. பல்ஸ் 118. பி.பி. 100/84. பையனின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ராத்திரி நல்லா வேர்த்துச்சும்மா, அதோட விட்டுருச்சு. இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிருவாங்களா?" என்று கேட்டார். பையன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். கால் ரெண்டையும் ஒரு பச்சைத் துண்டால் சுற்றி வைத்திருந்தார்கள்.

மாணவியிடம் நான் கேட்டதெல்லாம் இதுதான். காய்ச்சல் ஆரம்பித்து எத்தனாவது நாள்? அஞ்சாவது நாள் மேம். டெங்குவில் ஆபத்தான கட்டம் எப்போது வரும் என்று கிளாஸில் படித்தாய்? யோசித்துவிட்டு, காய்ச்சல் இறங்கும்போது என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. சரி, 100-லிருந்து 84-ஐக் கழி. 16. நேற்றுச் சாயங்காலம் என்ன? கேஸ் ஷீட்டைப் புரட்டினாள், 116/70. அதாவது நேற்று 46 இருந்த இடைவெளி இன்று 16. அப்புறம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே போய் அந்தத் துண்டை விலக்கிக் காலைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. பெருவிரல் நகத்தை வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்து விட்டாள். ரெண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், வரவில்லை, நாலு வரை எண்ண வேண்டியிருந்தது. அம்மாவிடம் யூரின் போனானா என்று கேட்டாள், விடிகாலையில் ஒரு தடவை கொஞ்சம் போனான், அதோடு சரி. வயிறு? வலிக்குது என்று சொல்லிக்கொண்டே இருக்கான், ரெண்டு தடவை வாந்தியும் எடுத்தான், ஜூஸ் குடிச்சது ஒத்துக்கலை போல. மூச்சை இந்தத் தடவை எண்ணினாள். 26.

உள்ளே நடந்தது என்னவென்றால், டெங்குவில் மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் இறங்குகிற சமயத்தில் சிலருக்கு ரத்தக் குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே போய் வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் சேரும். அணுக்கள் உள்ளேயே நிற்கும், தண்ணீர் மட்டும் போய்விடும், அதனால்தான் ரத்தத்தில் அணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் ஏறுகிறது. குழாயில் அளவு குறைகிறது என்று தெரிந்ததும் உடம்பு கை கால் தோலுக்குப் போகும் சின்னக் குழாய்களை இறுக்கி மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடும். இறுக்கினால் பி.பி.யில் கீழ் எண் ஏறும், மேல் எண் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், ரெண்டுக்கும் நடுவே இடைவெளி சுருங்கும். அது 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அதை ஷாக் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது, மேல் எண் 100 இருந்தாலும் சரி. கால் ஜில்லென்று ஆனது, யூரின் நின்றது, பல்ஸ் ஓடியது எல்லாம் ஒரே கதையின் துண்டுகள். இதில் கொடுமை, இளம் வயதுக்காரர்களின் உடம்பு கடைசிவரை மேல் எண்ணைப் பிடித்து வைத்திருக்கும், விட்டால் ஒரேயடியாக விட்டுவிடும். டியூட்டி டாக்டர் வந்தார், ஹீமட்டோகிரிட் டெஸ்டுக்குப் போனது, டிரிப் வேகம் மாறியது, பையன் பிழைத்து வீட்டுக்குப் போனான்.

நான் இதை எழுதுவது அந்தப் பெண்ணைக் குறை சொல்ல இல்லை. அவள் எடுத்த எண்கள் எல்லாமே சரி. பி.பி.யை மறுபடி நான் பார்த்தேன், அதே அளவுதான். விடுபட்டது என்னவென்றால், இந்த எண்ணை எதோடு ஒப்பிட வேண்டும் என்ற நினைப்பு. புத்தகத்தில் உள்ள நார்மல் அளவோடு ஒப்பிட்டாள், அதே ஆளின் நேற்றோடு ஒப்பிடவில்லை.

அதற்கு அப்புறம் எங்கள் போஸ்டிங்கில் ஒரு வழக்கம் வந்தது. பேஷண்ட்டிடம் போவதற்கு முன்னால் கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு, நோட்டில் ரெண்டு வரி எழுத வேண்டும். இன்றைக்கு இவருக்கு என்ன கெடலாம்? கெட்டால் முதலில் எங்கே தெரியும்? நீளமாக வேண்டாம், நர்சிங் டயக்னோசிஸ் மொழியிலும் வேண்டாம், அப்பன் ஆத்தாளிடம் சொல்கிற மாதிரி எழுதினால் போதும். நேற்றுக் கர்ப்பப்பை எடுத்த அம்மாவா? உள்ளே ரத்தம் கசியலாம். பல்ஸ் முதலில் ஏறும், யூரின் பையில் குறையும், ஆள் நிலைகொள்ளாமல் புரளுவார், பி.பி. கடைசியில்தான் விழும். லிவர் கெட்டு வயிறு ஊதியிருக்கும் ஆளா? மூளையில் அமோனியா ஏறிக் குழம்பலாம். அது முதலில் தெரிவது தூக்கத்தில், பகலெல்லாம் தூங்குவார், ராத்திரி முழுக்கக் கொட்டக்கொட்ட விழித்திருப்பார். இது எந்த சார்ட்டிலும் இருக்காது, கூட இருக்கும் மனைவிக்குத்தான் தெரியும், அவரைக் கேட்க வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுக் காலை டிபனைத் தொடாமல் வைத்திருக்கும் ஆளா? நெற்றியைத் தொட்டுப் பார், வேர்த்திருக்கிறதா. வருஷக்கணக்கில் பீடி பிடித்து சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்த ஆளா? ரத்த ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 90 என்று பயந்துபோய் ஆக்சிஜனைத் திருகி ஏற்றிவிடாதே, அவருக்குப் பொதுவாக 88 முதல் 92 வரை வைத்திருந்தால் போதும் என்பார்கள்.

இந்த ரெண்டு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போனால் தலை முதல் கால் வரை என்ற அந்த நீளமான செக்லிஸ்ட் திடீரென்று சின்னதாகிவிடும். எல்லாம் பார்க்க வேண்டும்தான், ஆனால் எங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கை வேலைக்கு வருகிறேன். மற்ற எல்லா இடத்திலும் பார், தொடு, தட்டு, கேள் என்பது வரிசை. வயிற்றில் மட்டும் பார்த்ததும் கேட்டுவிட வேண்டும், தட்டுவதும் அழுத்துவதும் அப்புறம். பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஏன் என்று கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். முதலிலேயே அழுத்திவிட்டால் குடல் தூண்டப்பட்டுச் சத்தம் மாறிவிடலாம், வலியுள்ள இடத்தை அமுக்கிவிட்டால் அப்புறம் வயிற்றை இறுக்கிக்கொண்டு தொடவே விடமாட்டார். குடல் சத்தம் இல்லை என்று எழுத வேண்டுமானால் அஞ்சு நிமிடம் ஸ்டெத்தை வைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. பத்து விநாடி கேட்டுவிட்டு 'ஆப்சென்ட்' என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அழுத்துவதற்கு முன்னால் எங்கே வலிக்கிறது என்று ஒரே விரலால் காட்டச் சொல்லுங்கள், அந்த இடத்தைக் கடைசியில் தொடுங்கள். முழங்காலை மடக்கச் சொன்னால் வயிறு தளரும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அழுத்தும்போது உங்கள் கண் வயிற்றில் இருக்கக் கூடாது, அவர் முகத்தில் இருக்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஒண்ணுமில்லை சிஸ்டர் என்று சொல்கிற ஆண்கள் நம் ஊரில் அதிகம், வாய் சொல்லாததைப் புருவம் சொல்லிவிடும்.

தட்டிப் பார்ப்பதைக் கண்டுபிடித்தவர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். லியோபோல்ட் ஆவன்ப்ருக்கர், வியன்னாவில் டாக்டர். அவர் அப்பா கிராட்ஸ் ஊரில் விடுதி நடத்தியவர், பீப்பாயைத் தட்டித் தட்டியே ஒயின் எதுவரை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் பையன் பார்த்து வளர்ந்ததாகச் சொல்வார்கள். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் அதே மாதிரி சத்தம் மந்தமாகும் என்று 1761-ல் சின்னப் புத்தகம் ஒன்று போட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பாரிஸ் டாக்டர் கொர்விசார் 1808-ல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் பரவியது. அந்தக் கொர்விசாரின் மாணவர் லெனெக், 1816-ல் பாரிஸில் ஒரு இளம் பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கச் சங்கடப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார், அதிலிருந்து வந்ததுதான் ஸ்டெதஸ்கோப். இருநூறு வருஷம் கழித்தும் நம் வார்டில் அந்தச் சங்கடம் அப்படியே இருக்கிறது. ஸ்கிரீன் கிழிந்திருக்கும், பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள், அதனால் பிள்ளைகள் ரவிக்கை மேலேயே ஸ்டெத்தை வைத்துக் கேட்கிறார்கள். துணி உரசும் சத்தம் அச்சு அசலாக நுரையீரலில் நீர் கோத்த மொறமொறப்பு மாதிரியே கேட்கும். ஒரு பெட்ஷீட்டை ரெண்டு பேர் விரித்துப் பிடித்தால் மறைப்பு வந்துவிடும், முதுகுப் பக்கமிருந்து சேலையை விலக்கி உள்ளே வைத்துக் கேளுங்கள்.

அடுத்து நிறம். நாம் படிக்கிற புத்தகங்களில் பாதி வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதியவை. வெளுத்த தோல், நீலம் பூத்த உதடு, சிவந்த புண்ணோரம் என்றெல்லாம் இருக்கும். நம் பேஷண்ட்டின் முழங்கையைப் பார்த்து ரத்தசோகை சொல்ல முடியாது. கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள், நாக்கைப் பாருங்கள், உள்ளங்கை ரேகையைப் பாருங்கள். மஞ்சள் காமாலையை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கவே கூடாது, ஜன்னல் பக்கம் கூட்டிவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம்மில் பலருக்குக் கண் வெள்ளையின் ஓரம் இயல்பாகவே கொஞ்சம் பழுப்பு மஞ்சளாக இருக்கும். சந்தேகம் வந்தால் வாயைத் திறக்கச் சொல்லி மேல் அண்ணத்தையும் நாக்கின் அடியையும் பாருங்கள். படுக்கைப் புண்ணான பிரஷர் சோர் ஆரம்பிப்பது கறுத்த தோலில் சிவப்பாகத் தெரியாது, சூடாகவும் கெட்டியாகவும் கைக்குத்தான் தெரியும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92-லிருந்து 96 வரை காட்டிக்கொண்டிருக்கும்போதே உண்மையில் ரத்தத்தில் 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். நம்மவர்கள் தோலுக்கு அப்படியே அந்தக் கணக்கைப் பொருத்த முடியாது, ஆனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். நெயில் பாலிஷ், குளிர்ந்த விரல் எல்லாம் கருவியைக் குழப்பும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று ரத்தசோகை. தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 5 இருக்கிற பெண்ணின் விரலில் மாட்டினால் 98 என்று காட்டும். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்றுதான் அந்த எண் சொல்கிறது, ஹீமோகுளோபினே எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 98 என்று எழுதிவிட்டு, அவர் ரெண்டு படி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவதைப் பார்க்காமல் போனால் என்ன பிரயோஜனம்?

பி.பி. பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை எல்லோரும் சொல்வார்கள். அஞ்சு நிமிடம் உட்கார வையுங்கள், கால் மேல் கால் போடக்கூடாது, கை இதய மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் தாங்கி இருக்க வேண்டும், பேச்சுக் கொடுக்காதீர்கள். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அதிகமாகக் காட்டும், ஒல்லியான பாட்டி கைக்குப் பெரியதைக் கட்டினால் குறைத்துக் காட்டும். முதலில் மணிக்கட்டுப் பல்ஸை வைத்து எங்கே மறைகிறது என்று பார்த்து அதற்கு மேல் 30 ஏற்றிவிட்டு இறக்குங்கள். சிலருக்கு நடுவில் சத்தம் கொஞ்ச தூரம் காணாமல் போய்த் திரும்ப வரும், அதைத் தெரியாமல் ஆரம்பித்தால் 190-ஐ 150 என்று எழுதிவிடுவோம். நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கோமா ஸ்கேலும் அப்படித்தான், 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னெட்டும் கண், பேச்சு, அசைவு என்று பிரித்து வைத்தது பிரித்து எழுதத்தான், இப்போது கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தமாக 11 என்று எழுதினால் எது குறைந்தது என்று அடுத்த டியூட்டிக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஹிஸ்டரி எடுப்பதில் ஒரே ஒரு விஷயம் மட்டும். சர்க்கரை நோய் உள்ள அம்பது தாண்டிய அம்மா ஒருவர் வந்து, வாயு பிடிச்சிருக்கு சிஸ்டர், நெஞ்சை அடைக்குது, ஒரு ஜெலுசில் குடுங்க என்று கேட்டால், அவர் சொன்ன நோய்ப் பேரை எழுதாதீர்கள். எப்போது ஆரம்பித்தது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தாடைக்கோ தோளுக்கோ போகிறதா, வேர்த்ததா, ஏப்பம் விட்டால் குறைகிறதா என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே ஈ.சி.ஜி.க்கு ஏற்பாடு பண்ணுங்கள், வந்த பத்து நிமிடத்துக்குள் அது எடுக்கப்பட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று கட்டாயமில்லை. வெறும் களைப்பாகவும் வாந்தியாகவும்கூட வரும்.

கண்டுபிடித்ததை அடுத்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் மேலே சொன்ன அத்தனையும் வீண். ராத்திரி ரெண்டு மணிக்கு டியூட்டி டாக்டருக்குப் போகும் வழக்கமான ஃபோன் இப்படி இருக்கும்.

"சார், 22-ஆம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார் சார்."

"ஒரு மாதிரின்னா?"

"டல்லா இருக்கார் சார்."

"பி.பி. எவ்வளவும்மா?"

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

இந்த 'ஒரு மாதிரி'யை நான் கேலி செய்யமாட்டேன். பல வருஷம் வார்டில் இருந்தவர்களுக்கு எண் மாறுவதற்கு முன்னாலேயே ஏதோ சரியில்லை என்று தட்டும், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பல ஆஸ்பத்திரிகளில் ஊழியருக்குக் கவலையாக இருக்கிறது என்பதே அவசரக் குழுவைக் கூப்பிடப் போதுமான காரணம். ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டாக்டர் எழுந்து வர வேண்டுமானால் அது இப்படிப் போக வேண்டும்:

"சார், மேல் மெடிக்கல் வார்டிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசறேன். 22-ஆம் பெட், அறுபது வயசு, நேத்து நிமோனியாவுக்கு அட்மிட் ஆனவர். அரை மணி நேரமா குழப்பமா பேசறார், சாயங்காலம் தெளிவா இருந்தார். மூச்சு 30, எண்ணிப் பார்த்தேன். பல்ஸ் 122, பி.பி. 94/56, சாயங்காலம் 128/76 இருந்தது. நாலு லிட்டர் ஆக்சிஜன்ல சாச்சுரேஷன் 91. ஆறு மணி நேரத்துல யூரின் 60 எம்.எல். தான். செப்சிஸ் ஆகுதோன்னு தோணுது. இப்பவே வந்து பாருங்க சார். ரெண்டாவது ஐ.வி. லைன் போட்டு வைக்கறேன், கல்ச்சருக்கு பாட்டில் எடுத்து வைக்கட்டுமா?"

நிலைமை, பின்னணி, நான் பார்த்தது, எனக்கு வேண்டியது. இந்த வரிசைக்கு எஸ்பார் என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் பழக்கத்திலிருந்து கைசர் பெர்மனென்டே ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டது. நம் பிள்ளைகளுக்குக் கடைசிப் பாகம்தான் கஷ்டம். டாக்டரிடம் 'வந்து பாருங்க' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். போஸ்டிங்கில் நான் டாக்டராக நடித்து, எரிச்சலாகக் கத்தி, ஃபோனை வைக்கப் பார்த்து, அப்படியும் அவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்கும்வரை விடுவதில்லை. வகுப்பே சிரிக்கும், ஆனால் பழகிவிடுகிறது.

ரீசனிங்குக்கு மாடல்கள் நிறைய உண்டு. அமெரிக்க நர்சிங் பேராசிரியர் கிறிஸ்டின் டானர் 2006-ல் எழுதியது எனக்குப் பிடிக்கும், கவனிப்பது, பொருள் புரிந்துகொள்வது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது என்று நாலே பாகம். வெளிநாடு போக என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை) படிக்கும் ஜூனியர்கள் சிலர் புலம்புகிறார்கள், 2023 ஏப்ரலிலிருந்து பரீட்சை மாறிவிட்டது, ஒரு பேஷண்ட்டின் கதையை மணிக்கணக்கு வாரியாகக் கொடுத்து எது முக்கியம், எதைச் சந்தேகப்படுகிறாய், முதலில் என்ன செய்வாய், செய்தது பலித்ததா என்று கேட்கிறார்கள் என்று. கோச்சிங் சென்டரில் அதற்குக் குறுக்குவழி சொல்லித் தருகிறார்களாம். பணம் கட்டிப் போகிறவர்கள் போகட்டும். தினமும் டியூட்டியில் ஒரே ஒரு பேஷண்ட்டை எடுத்துக்கொண்டு மேலே சொன்ன ரெண்டு கேள்வியை எழுதி, டியூட்டி முடியும்போது என்ன ஆனது என்று பக்கத்தில் எழுதுங்கள். அதே பயிற்சிதான், காசு இல்லாமல்.

நாற்பது பேருக்கு ஒரு ஆள் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு என்னிடம் மந்திரம் எதுவும் இல்லை. ஆள் போட வேண்டியவர்கள் போட வேண்டும். அதுவரைக்கும் முந்தைய டியூட்டிக்காரரிடம் ஓவர் வாங்கியதும் மருந்து டிராலியைத் தொடுவதற்கு முன்னால் கையை வீசிக்கொண்டு வார்டை ஒரு சுற்று நடந்து வாருங்கள், ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. யார் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறார், யார் வாயைத் திறந்து மூச்சு விடுகிறார், யார் முழு வாக்கியம் பேச முடியாமல் ரெண்டு ரெண்டு வார்த்தையாக நிறுத்துகிறார், யாருக்கு வந்த டீ ஆடை கட்டி அப்படியே இருக்கிறது, எந்தக் கட்டில் பக்கத்தில் சொந்தக்காரர்கள் உட்காராமல் நிற்கிறார்கள். இப்படிப் பார்த்தால் நாற்பதில் நாலைந்து பேர் தனியாகத் தெரிவார்கள். அவர்களுக்காவது மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள்.

எந்த ஸ்டெத் வாங்கலாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முதல் வருஷத்திலேயே விலை கூடிய லிட்மேன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை, அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். தட்டையான டயாஃப்ரமும் கிண்ணம் மாதிரியான பெல்லும் ரெண்டும் இருக்கிற, டியூப் கனமாக உள்ள எதுவும் போதும். காதில் மாட்டும்போது முனைகள் மூக்குப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், திருப்பிப் போட்டுவிட்டு எதுவும் கேட்கவில்லை மேம் என்று வருகிறவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. வாங்கிய அன்றே டியூபில் பேரை ஒட்டிவிடுங்கள். ரவுண்ட்ஸ் நேரத்தில் ஹவுஸ் சர்ஜன் யாராவது 'ஒரு நிமிஷம் சிஸ்டர்' என்று வாங்கிப் போனால், அப்புறம் அது எந்த வார்டில் இருக்கிறது என்று தேடுவது தனி போஸ்டிங்.